வீட்டில் நிற்காத கணவன்மார்

பின்னேரம் கதவைத் தட்டினால் யார் திறப்பார்? வீட்டில் நிற்கிற ஆள்தான். கணக்கெடுப்பு வரலாற்றின் பெரிய தலையிடி ஒன்று இந்தச் சின்ன விசயத்திலதான் தொடங்குது.

1949 இல் அமெரிக்காவில் அல்பிரட் பொலிட்ஸ், வில்லார்ட் சிமன்ஸ் என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள். ஆள் இல்லாத வீட்டுக்குத் திரும்பத் திரும்ப அலைய வேண்டாம். பதில் தருபவரிடமே, முந்தைய ஐந்து மாலைகளில் இதே நேரம் எத்தனை நாள் வீட்டில் நின்றீர்கள் எண்டு கேளுங்கள். ஒருநாளும் இல்லையா? இன்றையதோடு சேர்த்து ஆறில் ஒரு நாள். அவருடைய பதிலை ஆறு மடங்காக எண்ணுங்கள். ஆறு நாளும் நின்றவருக்கு ஒரு மடங்கு போதும். இந்த மடங்கைத்தான் 'நிறை' என்கிறோம். எங்களுக்கு இது நல்ல யோசனையாகத்தான் பட்டது. (ஆறு நாளும் வெளியில் நிற்பவருக்கு இதிலயும் இடமில்லை.)

கணவன், மனைவி இருவரையும் கேட்கும்போது சிக்கல் கூடும். ஒருவர் பதில் தராவிட்டால் அந்தச் சோடியே தரவில் இராது. 1984 இல் தொடங்கிய குடித்தொகை, சுகாதார ஆய்வுத் திட்டம் 1988 இல் கானாவில் 4,488 பெண்களைக் கேட்டது. கூடவே 943 கணவன்மாரையும். ஆனால் மனைவியோடு ஒரே வீட்டில் வசித்தவர்களைத்தான் தேடினார்கள். வேறு ஊரில் உழைக்கப் போனவர் பட்டியலிலேயே இல்லை.

பொதுவாக அகப்படாதவர் ஆண். ஆகவே சோடிகளை ஆராய்வதென்றால் ஆணின் நிறையைப் பாவியுங்கள் என்பது அந்தத் திட்டத்தின் வழிகாட்டல். அது சரிதான், ஆனால் அரைவாசிதான் சரி. வீட்டில் நிற்கிறவரின் நிறையைக் கூட்டினால் அவர், நிற்காதவருக்காகவும் பேசவேண்டி வருது. இருவரும் ஒரே மாதிரியான கணவன்மாரா?

இங்கதான் சோடிகளிடம் ஒரு வசதி இருக்கு. கணவன் வாய் திறக்காவிட்டாலும் மனைவி பேசியிருக்கிறா. அவவின் வயது, படிப்பு, பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் கையில் உண்டு. எப்படிப்பட்ட குடும்பத்துக் கணவன்மார் அதிகம் தவறிப்போனார்கள் எண்டு அதிலிருந்து கணித்து, அதே மாதிரிக் குடும்பங்களில் பதில் தந்தவர்களின் நிறையை மட்டும் கூட்டலாம்.

1987 இல் இலங்கைக்கும் இதே ஆய்வு வந்தது. 15 முதல் 49 வயது வரையான, மணமான பெண்களைக் கேட்டார்கள், கணவன்மாரைக் கேட்கவில்லை. யுத்தத்தால் வட மாகாணத்துக்கு வரவேயில்லை. தட்டியும் திறக்காத வீட்டுக்குப் பக்கத்து வீட்டின் நிறையைக் கூட்டலாம். தட்டவே வராத மாகாணத்துக்கு எந்த வீட்டைக் கூட்டுறது? 25 மாவட்டங்களிலும் கதவைத் தட்டினது 2016 இலதான்.