லெட்வில் டிரெயில் 100 மலைச் சைக்கிள் பந்தயம்

லெட்வில் டிரெயில் 100, அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள லெட்வில் நகரில் ஆண்டுதோறும் ஆகஸ்டில் நடக்கும் ஒருநாள் நெடுந்தூர மலைச் சைக்கிள் பந்தயம். 1994-இல் தொடங்கியது. பாதையின் நீளம் 160 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். நகரமே கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான். பாதையின் உச்சியான கொலம்பைன் சுரங்கப் பகுதி சுமார் 3,780 மீட்டர்.

தோற்றம்

வேலையிழப்பில் பிறந்த பந்தயம் இது. லெட்வில் மக்களுக்குச் சோறு போட்டது அருகிலிருந்த கிளைமாக்ஸ் மாலிப்டினச் சுரங்கம். 1980-களின் தொடக்கத்தில் அது மூடப்பட்டதும் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அவர்களில் ஒருவரான கென் க்ளோபர், வெளியூர்க்காரர்கள் வந்து ஓர் இரவாவது தங்கினால்தான் ஊர் பிழைக்கும் என்று கணக்கிட்டார். அவரும் மெரிலீ மாபினும் சேர்ந்து 1983-இல் 100 மைல் ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கினர். சைக்கிள் பந்தயம் அதன் தம்பி.

பாதையும் ஏற்பாடும்

போன வழியே திரும்பி வருவதுபோல் பாதை அமைந்திருக்கிறது. பந்தயம் நடத்துவோருக்கு இது பெரிய வசதி. பைப்லைன், ட்வின் லேக்ஸ் ஆகிய உதவி நிலையங்களை ஒவ்வொருவரும் இருமுறை கடப்பதால், பாதித் தூரத்துக்குத் தேவையான பந்தலும் தொண்டர்களுமே முழுத் தூரத்துக்கும் போதும். வீட்டாரும் நண்பர்களும் ட்வின் லேக்ஸ் அணையருகே கூடாரம் போட்டுக் காத்திருப்பார்கள். தம் ஆள் வரும்போது காலிப் பாட்டிலை வாங்கிக்கொண்டு நிரப்பியதைக் கொடுப்பார்கள். ஒருவர் செயினுக்கு எண்ணெய் விட, இன்னொருவர் சட்டைப் பையில் தின்பண்டம் திணிப்பார். ஒரு நிமிடத்தில் ஆள் கிளம்பிவிடுவார்.

இந்த அமைப்பால் இன்னொரு பயனும் உண்டு. கொலம்பைன் ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறும் சாதாரணப் பங்கேற்பாளர், எதிரே இறங்கிவரும் முன்னணி வீரர்களை நேருக்கு நேர் பார்க்கிறார். ஆபத்தும் அங்கேதான். மேல்பகுதியில் பாதை குறுகிக் கற்கள் உருளும்; ஏறுபவர்கள் வலப்பக்கம் ஒதுங்காவிட்டால் மோதல் நிச்சயம். நெரிசலைக் குறைக்க, முந்தைய பந்தய நேரங்களைப் பார்த்து வேகமானவர்களைத் தொடக்கத்திலேயே முன்வரிசையில் நிறுத்துகிறார்கள்.

திரும்பும் வழியில், ஏறக்குறைய 130-ஆவது கிலோமீட்டரில் பவர்லைன் ஏற்றம் வருகிறது. அங்கே பெரும்பாலோர் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் நடக்கிறார்கள். உதவி நிலையங்களில் காலக்கெடு உண்டு. அதற்குள் வராதவர்கள் அங்கேயே நிறுத்தப்படுவார்கள். இரக்கமற்றதாகத் தோன்றினாலும், இருட்டிய பிறகு மலையில் ஆள் தேடாமலிருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

12 மணி நேரத்துக்குள் முடிக்கும் எல்லோருக்கும் வெள்ளி நிறப் பெல்ட் பக்கிள் பரிசு. 9 மணி நேரத்துக்குள் வந்தால் பெரிய பக்கிள். பந்தயத்தின் கவர்ச்சிக்கு இந்த விதியே முதற்காரணம் எனலாம். வெற்றிக்கு வாய்ப்பே இல்லாத ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு எட்டக்கூடிய ஓர் இலக்கை அது வைக்கிறது.

புகழும் கூட்டமும்

டேவ் வீன்ஸ் 2003 முதல் 2008 வரை தொடர்ந்து ஆறுமுறை வென்றார். கடைசி முறை அவருக்கு அடுத்து வந்தவர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங். 2009 பந்தயத்தைப் பற்றி ஆவணப்படம் வந்தபின் இடம் கேட்டு வருவோர் பெருகினர். 2010-இல் லைஃப் டைம் நிறுவனம் இப்பந்தயங்களை வாங்கியது.

கூட்டம் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதை 2013-இல் ஓட்டப் பந்தயம் காட்டியது. வாகன நெரிசல், குப்பை, உதவி நிலையங்களில் தட்டுப்பாடு எனப் புகார்கள் குவிந்தன. ஹார்ட்ராக் 100 என்ற மற்றொரு புகழ்பெற்ற கொலராடோ பந்தயம் தன் தகுதிப் பந்தயப் பட்டியலிலிருந்து லெட்வில்லைச் சில காலம் நீக்கியது. மலைப்பாதை எத்தனை பேரைத் தாங்கும் என்பதை வசூல் முடிவு செய்யக் கூடாது.

இன்று சைக்கிள் பந்தயத்தில் சேரக் குலுக்கல் முறையில் விண்ணப்பிக்க வேண்டும். வேறு இடங்களில் நடக்கும் தகுதிப் பந்தயங்கள் வழியாகவும் இடம் பெறலாம்.