விளக்கின் விலையும் வியாபாரியின் வாக்கும்

ஒரு நிறுவனம் வீழ்ந்தால் அதன் நிர்வாகியை இகழ்வதும், நிலைத்தால் அவரைப் புகழ்வதும் உலக வழக்கம். வரலாற்றை ஆராயும் நாம் அவ்வளவில் அமைதல் தகாது. 2021, 2022ஆம் ஆண்டுகளில் பிரித்தானிய வீடுகளுக்கு மின்சாரமும் எரிவாயுவும் விற்ற ஏறத்தாழ 30 நிறுவனங்கள் அடுத்தடுத்து வீழ்ந்தன; ஏனையவை நிலைத்தன. காரணம் யாது?

அட்லியின் தொழிற்கட்சி அரசு 1948இல் மின்சாரத்தையும் 1949இல் எரிவாயுவையும் நாட்டுடைமையாக்கிற்று. தச்சர் ஆட்சி தொடக்கிய விற்பனையால் 1986இல் எரிவாயுவும் 1990இல் மின்விநியோகமும் தனியார் கைக்குச் சென்றன. பின்னர் போட்டியின் பெயரால் சந்தையிற் புகுந்த சிறு நிறுவனங்கள் பல, மின்சாரம் ஆக்கவுமில்லை, குழாய் பதிக்கவுமில்லை. மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்பதே அவற்றின் தொழில்.

வீட்டாருக்கு ஓராண்டுக்கு மாறாவிலை வாக்களித்தவர், அவ்வாண்டுத் தேவையை முன்கூட்டியே விலைபேசி வைத்தல் வேண்டும். அதற்குக் கைமுதல் வேண்டும். வீழ்ந்தவற்றுட் பல, வாடிக்கையாளரின் முற்பணத்தையே முதலாகக் கொண்டு நடந்தவை. சந்தை விலை தாழ்ந்திருந்தபோது முன்வாங்காமை இலாபமாயிற்று. 2021இல் விலை பன்மடங்கு உயர்ந்தபோது அதுவே நஞ்சாயிற்று. 2019இல் நடைமுறைக்கு வந்த உச்சவிலை அப்போது ஆண்டுக்கு இருமுறையே திருத்தப்பட்டமையால், நட்டத்தை உடனே நுகர்வோர்மீது சுமத்தவும் இயலவில்லை.

உச்சவிலையே அவற்றைக் கொன்றது என்பார் உளர். முன்வாங்கி வைத்தோரும் கைமுதலுடையோரும் அதே உச்சவிலையின் கீழ்த்தானே தப்பினர்? பொதுமக்களின் சொத்தாயிருந்தாற் போதும் என்று நாமும் எண்ணிவிடலாகாது. நொட்டிங்ஹம் நகரசபை 2015இல் வறியோர் நலங்கருதித் தொடங்கிய ‘ரொபின் ஹூட் எனர்ஜி’, இவ்விலையேற்றத்துக்கு முன்னரே, 2020இல், கோடிக்கணக்கான பவுண் நட்டத்துடன் கைவிடப்பட்டது. சந்தையின் விதிகளை மாற்றாது உரிமையாளரை மட்டும் மாற்றினால், சந்தை அவரையும் விழுங்கிவிடும்.

வீழ்ந்தோரின் வாடிக்கையாளர் இருளில் விடப்படவில்லை. வேறு நிறுவனங்கள் அவர்களை ஏற்றன. 15 இலட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளரைக் கொண்டிருந்த ‘பல்ப்’ நிறுவனத்தை 2021 நவம்பரில் அரசே தாங்க நேர்ந்தது. ஏனையவற்றின் வீழ்ச்சிக்கான செலவு 270 கோடிப் பவுண், அதாவது வாடிக்கையாளர் ஒருவருக்கு 94 பவுண் என, அந்நாட்டுத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் 2022இல் மதிப்பிட்டது. அச்செலவு நாள்தோறும் அறவிடப்படும் நிலையான கட்டணத்திற் சேர்க்கப்பட்டது. ஒற்றை விளக்கெரிக்கும் கிழவியும் மாளிகைவாசியும் ஏறத்தாழ ஒரே பங்கைச் செலுத்தினர்.

கைமுதலில்லாதோருக்கும் எளிதில் உரிமம் வழங்கி, அதனைப் போட்டியென்று போற்றியது ஒழுங்காற்று நிறுவனம். அவர்கள் வெற்றிபெற்றிருந்தால் இலாபம் அவர்களுடையது. தோற்றபோது நட்டம் மக்களுடையதாயிற்று. வீழ்ந்தவர் திறமையற்றவரா என்பதிலும், அவ்விதியை வகுத்தவர் யாவர் என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.