ஓர்கிரீவ் முதல் பிரைட்டன் வரை: காவல்துறையைக் கண்காணித்த பிரிட்டன் போராட்டங்கள்

1984 ஜூன் 18 அன்று, தெற்கு யார்க்‌ஷயரின் ஓர்கிரீவ் கோக் ஆலை வாசலில், வேலைநிறுத்தத்தில் இருந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். எதிரே போலீசாரும் ஆயிரக்கணக்கில். அன்று மாலை பிபிசி செய்தியில் முதலில் கல்வீச்சும், அதற்குப் பதிலடிபோலக் குதிரைப்படையின் பாய்ச்சலும் வந்தன. களத்தில் நின்றவர்கள் சொன்னது நேரெதிர்: குதிரைகள் பாய்ந்த பிறகே கற்கள் பறந்தன. அவசரத்தில் காட்சிகளின் வரிசை மாறிவிட்டது என்று பிபிசி ஒப்புக்கொண்டது 1991இல். இதற்கிடையில் 95 பேர்மீது கலவரம் உள்ளிட்ட வழக்குகள் போடப்பட்டு, 1985இல் விசாரணைக் கட்டத்திலேயே சரிந்துபோயின. தொழிலாளர் தரப்பு வழக்கறிஞர்களுக்கு அப்போது கைகொடுத்தவற்றில் ஒன்று, போலீசாரே எடுத்துவைத்திருந்த வீடியோ. 1991இல் 39 பேருக்கு 4,25,000 பவுண்டு இழப்பீடு கிடைத்தது. காவல்துறை தவற்றை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

பிரிட்டன் போராட்ட இயக்கங்களின் ஊடக வரலாற்றைக் கருவிகளின் வரலாறாகச் சொல்வது வழக்கம்: வீடியோ கேசட், இணையம், கைபேசி. அந்த வரிசை தவறில்லை, ஆனால் போதாது. சம்பவத்துக்கும் அதன் காட்சி மக்கள் கண்ணில் படுவதற்கும் நடுவே எவ்வளவு காலம் கடந்தது, அந்தக் காலத்தில் யாருடைய கூற்று உண்மையாக உலவியது என்பதே முக்கியம். ஓர்கிரீவில் அந்த இடைவெளி ஏழாண்டு.

அதைக் குறைக்கும் முயற்சி அந்த வேலைநிறுத்தத்தின்போதே தொடங்கியது. சுயேச்சைத் திரைப்படப் பட்டறைகள் ‘மைனர்ஸ் கேம்பெய்ன் டேப்ஸ்’ என்ற பெயரில் கேசட்டுகள் தயாரித்துத் தொழிற்சங்கக் கூட்டங்களுக்கு அனுப்பின. 1993இல் தொடங்கிய ‘அண்டர்கரன்ட்ஸ்’ குழு, சாலைத் திட்ட எதிர்ப்பாளர்கள் கையடக்கக் கேமராவில் எடுத்தவற்றைத் தொகுத்து வீடியோ இதழாக வெளியிட்டது. பார்ப்பவர் கைக்குக் கேசட் போய்ச்சேர மாதங்கள் ஆயின. பார்த்தவர்களும் பெரும்பாலும் ஏற்கெனவே உடன்பட்டவர்களே. 1999இல் சியாட்டிலில் பிறந்த ‘இண்டிமீடியா’ என்ற இணையச் செய்தித் தளம் பிரிட்டனுக்கும் பரவியபோது தபால் செலவு மிச்சமானது, பார்வையாளர் வட்டம் அவ்வளவாக விரியவில்லை.

காவல்துறையும் சும்மா இருக்கவில்லை. 1990களில் லண்டன் பெருநகரக் காவல்துறை ‘முன்னணி உளவுக் குழு’க்களை உருவாக்கியது. சீருடையிலேயே வருவார்கள், கூட்டத்துக்கு வருகிறவர்களை முகத்துக்கு நேரே படமெடுப்பார்கள். அடையாளம் காண வேண்டியவர்களின் படங்களை எழுத்துவரிசைப்படி அச்சிட்ட அட்டை காவலர் கையில் இருக்கும். 2005இல் ஆயுதக் கண்காட்சி எதிர்ப்பின்போது கைக்குச் சிக்கிய அப்படியோர் அட்டையில் நகைச்சுவைக் கலைஞர் மார்க் தாமஸின் படமும் இருந்தது. ரகசியமாக உளவு பார்ப்பதல்ல, உன்னைப் பார்க்கிறோம் என்று உணர்த்துவதே இந்த ஏற்பாட்டின் பாதி நோக்கம் என்று நான் கருதுகிறேன்.

2007இல் உருவான ‘ஃபிட்வாட்ச்’ என்ற போராட்டக்காரர் குழு இதே உத்தியைத் திருப்பிப் போட்டது. போலீஸ் கேமராவுக்கு முன்னால் பதாகையை விரித்து மறைப்பது, காவலரைப் படமெடுப்பது, தோள்பட்டை எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்வது. 2008 ஆகஸ்டில் கிங்ஸ்நார்த் அனல்மின் நிலைய எதிர்ப்பு முகாமில், எண் அணியாத காவலர்களைக் கேள்வி கேட்ட இரண்டு பெண்கள் தரையில் அழுத்தப்பட்டுக் கைதாகி நான்கு நாள் காவலில் இருந்தனர். வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. 2009 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, காவலரைப் படமெடுப்பதையே குற்றமாக்கிவிடும் என்று அஞ்சிய புகைப்படக்காரர்கள் ஸ்காட்லாந்து யார்டு வாசலில் கேமராக்களுடன் கூடினார்கள்.

ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 1 அன்று, ஜி-20 மாநாட்டுப் போராட்டம். 47 வயது இயன் டாம்லின்சன் போராட வந்தவரல்ல. செய்தித்தாள் விற்றுவிட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். மாலையில் தெருவில் சரிந்து இறந்தார். உதவ முயன்ற காவலர்கள்மேல் பாட்டில்கள் வீசப்பட்டன என்பது போலீஸ் தந்த முதல் விவரம். மாரடைப்பு என்றது முதல் பிரேதப் பரிசோதனை. ஏப்ரல் 7 அன்று ‘கார்டியன்’ ஒரு வீடியோவை வெளியிட்டது. கைகளைப் பைக்குள் விட்டபடி, போலீஸ் வரிசைக்கு முதுகைக் காட்டி மெல்ல நடக்கிறார் டாம்லின்சன். முகமூடி அணிந்த ஒரு காவலர் காலில் லத்தியால் அடித்து முதுகில் தள்ளுகிறார். கீழே விழுந்தவரைத் தூக்கிவிட்டவர் ஒரு போராட்டக்காரர். சுற்றி நின்ற காவலர்களில் ஒருவர்கூடக் குனியவில்லை. இரண்டாவது பரிசோதனை உள்ரத்தக்கசிவு என்றது. முதல் பரிசோதனை செய்தவர் பின்னாளில் மருத்துவப் பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்டார்.

வீடியோவை எடுத்தவர் வேலையாக லண்டன் வந்திருந்த நியூயார்க் நிதி மேலாளர். இரண்டாண்டாகக் காவலர் எண்களைக் குறித்துவந்த கண்காணிப்பாளர்கள் யாரிடமும் அந்தக் காட்சி இல்லை. அன்று அங்கே இருந்த கைகளில் எல்லாம் கேமரா இருந்ததால்தான் அது சாத்தியமானது. எடுத்தவர் இயக்கத்தைச் சேராதவர் என்பதும் நம்பகத்தன்மைக்கு உதவியிருக்க வேண்டும். ஆறு நாளில் முதல் விவரம் பொய்த்தது, தண்டனை வரவில்லை. 2011 மரண விசாரணையில் ஜூரி இதைச் சட்டவிரோதக் கொலை என்றது. 2012இல் மற்றொரு ஜூரி அந்தக் காவலரை விடுவித்தது. பிறகு அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். 2013இல் காவல்துறை மன்னிப்புக் கேட்டது.

அடுத்த தலைமுறை நீதிமன்றத்துக்காகக் காத்திருக்க விரும்பவில்லை. 2010 நவம்பரில் கல்விக் கட்டண உயர்வை எதிர்த்த மாணவர்களை, பள்ளிப் பிள்ளைகள் உட்பட, வைட்ஹாலில் சுற்றிவளைத்துக் குளிரில் பல மணி நேரம் வெளியே விடாமல் நிறுத்தியது போலீஸ். அதே மாதம் கைதைத் தவிர்க்கும் ஆலோசனைகளை வெளியிட்ட ஃபிட்வாட்ச் தளம் போலீஸ் கோரிக்கையால் முடக்கப்பட, அந்த வாசகம் உடனே பல தளங்களில் மறுபதிவானது. 2011 ஜனவரி 29 பேரணிக்கு லண்டன் மாணவர்கள் ‘சூகி’ என்ற கைபேசிச் சேவையைக் கொண்டுவந்தார்கள். களத்திலிருந்து வரும் செய்திகளைச் சரிபார்த்து, எந்தத் தெரு அடைபட்டது, எது திறந்திருக்கிறது என்று திசைகாட்டி போன்ற வட்டத்தில் நிறத்தால் காட்டியது; சாதாரண போன்களுக்குக் குறுஞ்செய்தி போனது. இங்கே காவல்துறையைப் பார்ப்பதன் நோக்கமே வேறு. அடிபட்டதை நிரூபிக்க அல்ல, அடிபடும் இடத்தில் இல்லாமலிருக்கப் பார்க்கிறார்கள். இடைவெளி நிமிடங்களாகச் சுருங்கியது. ஆனால் நிமிடங்களில் பழசாகும் தகவல் வழக்குக்கு உதவாது. கருவியைப் புகழ்ந்த அக்காலக் கட்டுரைகள் இந்த இழப்பைக் கணக்கில் எடுக்கவில்லை.

போலீஸ் பதிவுகளின் ஆயுளோ நீண்டது. பிரைட்டனைச் சேர்ந்த முதியவர் ஜான் கேட், ஆயுதத் தொழிற்சாலைக்கு எதிரான கூட்டங்களுக்குப் போய் ஓவியம் வரைந்தவர். எந்தப் போராட்டக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர். ‘உள்நாட்டுத் தீவிரவாதம்’ தொடர்பான தரவுத்தளத்தில் 2005 முதல் 2009 வரை அவரைக் குறிப்பிடும் 66 பதிவுகள் இருந்தன. அவற்றை வைத்திருப்பது சட்டப்படி சரியே என்றது 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், நான்குக்கு ஒன்று என்ற கணக்கில். 2019 ஜனவரி 24 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், அவருடைய அந்தரங்க உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. அப்போது அவருக்கு வயது 94. உள்நாட்டு நீதிமன்றங்களுக்குத் தெரிவிக்கப்பட்டவை போக, அவரைப் பற்றிய வேறு பதிவுகளும் காவல்துறையிடம் இருந்தது அதற்குள் வெளிவந்திருந்தது.