இங்கிலாந்து இடைநிலைப் பள்ளி முன்னேற்ற அறிக்கை

இங்கிலாந்து இடைநிலைப் பள்ளி முன்னேற்ற அறிக்கை என்பது, 11 முதல் 16 வயது வரையான மாணவர் ஒருவரின் கல்வி நிலையைப் பற்றி அவர் பயிலும் பள்ளி பெற்றோருக்கு வழங்கும் ஆவணம் ஆகும். இலங்கையில் தேர்ச்சி அறிக்கை என்றும் தமிழ்நாட்டில் மதிப்பெண் அட்டை அல்லது முன்னேற்ற அட்டை என்றும் வழங்கப்படும் ஆவணத்துக்கு இது ஒப்பானது. எனினும், அவற்றில் காணப்படும் நூற்றுக்கு இத்தனை என்னும் மதிப்பெண்ணும் வகுப்பில் மாணவர் பெற்ற இடமும் இவ்வறிக்கையில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அவற்றுக்குப் பதிலாக 1 முதல் 9 வரையான தர எண்களே தரப்படுகின்றன. ஒரே பாடத்துக்கு இரண்டு அல்லது மூன்று தர எண்கள் தரப்படுவதும், அவை ஒவ்வொன்றும் வெவ்வேறு பொருள் கொண்டிருப்பதும் இவ்வறிக்கையைப் படிப்பவர் எதிர்கொள்ளும் முதன்மையான சிக்கல் ஆகும்.

சட்ட அடிப்படை

இங்கிலாந்தில் உள்ளூராட்சி அமைப்பின் கீழ் இயங்கும் பள்ளிகள் 2005 ஆம் ஆண்டின் மாணவர் தகவல் ஒழுங்குவிதிகளின்படி, ஒவ்வொரு கல்வியாண்டிலும் குறைந்தது ஒரு முறையாவது பெற்றோருக்கு எழுத்து வடிவில் அறிக்கை அனுப்ப வேண்டும். மாணவரின் பொதுவான முன்னேற்றம், பாடங்களில் அவர் அடைந்தவை, வருகைப் பதிவு, அறிக்கையைப் பற்றி ஆசிரியருடன் கலந்து பேசுவதற்கான ஏற்பாடு ஆகியன அதில் இருத்தல் வேண்டும். அகாதமி எனப்படும் பள்ளிகளுக்கு வேறு விதிகள் உள்ளன. எனினும் அவையும் ஆண்டுதோறும் அறிக்கை வழங்கக் கடமைப்பட்டவை.

அறிக்கையில் எவை இருக்க வேண்டும் என்பதைச் சட்டம் கூறினாலும், எந்த அளவுகோலைப் பயன்படுத்த வேண்டும் என்பதைக் கூறவில்லை. ஆதலால் பள்ளிக்குப் பள்ளி அறிக்கையின் அமைப்பு வேறுபடுகின்றது. ஆண்டுக்கு ஒரு முறை விரிவான அறிக்கையும், பிற தவணைகளில் எண்கள் மட்டும் கொண்ட ஒரு பக்கச் சுருக்க அறிக்கையும் அனுப்பும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு.

வரலாறு

1988 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தின் மூலம் இங்கிலாந்தில் தேசிய பாடத்திட்டம் உருவானது. அதனுடன் மாணவரின் வளர்ச்சியை அளக்கப் படிநிலைகள் அறிமுகப்படுத்தப்பட்டன. நாடு முழுவதும் ஒரே படிநிலைகள் வழங்கியதால், ஒரு பள்ளியின் அறிக்கையை மற்றொரு பள்ளியின் அறிக்கையுடன் ஒப்பிட முடிந்தது. 2014 ஆம் ஆண்டு செப்டெம்பரில் புதிய பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தபோது இப்படிநிலைகள் கைவிடப்பட்டன. மதிப்பீட்டு முறையைத் தாமே வகுத்துக்கொள்ளும் உரிமை பள்ளிகளுக்கு அளிக்கப்பட்டது.

இதே காலப்பகுதியில், மாணவர்கள் 16 வயதளவில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. பொதுத் தேர்வும் மாற்றப்பட்டது. எழுத்துத் தரங்களுக்குப் பதிலாக 9 முதல் 1 வரையான எண் தரங்கள் 2017 இல் ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றுக்கு முதன்முதலில் வழங்கப்பட்டன. பின்னர் அவை ஏனைய பாடங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டன. பல பள்ளிகள் இத்தேர்வுத் தரங்களையே 7 ஆம் ஆண்டு முதல் தமது அறிக்கைகளிலும் பயன்படுத்துகின்றன.

தர எண்களின் பொருள்

ஜி.சி.எஸ்.இ. தேர்வில் 9 என்பது மிக உயர்ந்த தரம், 1 என்பது மிகத் தாழ்ந்த தரம். பழைய எழுத்துத் தரங்களுடன் இவற்றுக்குள்ள தொடர்பு பின்வருமாறு:

* தரம் 7 இன் கீழெல்லை பழைய 'ஏ' தரத்தின் கீழெல்லைக்கு இணையானது.
* தரம் 4 இன் கீழெல்லை பழைய 'சி' தரத்தின் கீழெல்லைக்கு இணையானது. இது பொதுத் தேர்ச்சி எனப்படுகின்றது.
* தரம் 5 உறுதியான தேர்ச்சி எனப்படுகின்றது.
* தரம் 1 இன் கீழெல்லை பழைய 'ஜி' தரத்தின் கீழெல்லைக்கு இணையானது.

தர எண் ஒரு மதிப்பெண் அன்று. தரம் 5 என்பது ஒன்பதுக்கு ஐந்து என்றோ, நூற்றுக்கு ஐம்பத்தைந்து என்றோ பொருள்படாது. ஒவ்வொரு தரத்துக்கும் வேண்டிய மதிப்பெண், தேர்வு முடிந்த பின்னர் ஆண்டுதோறும் தீர்மானிக்கப்படுகின்றது. கணிதத்தின் உயர்நிலைத் தாள்களில், மொத்த மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பெற்றவர்க்குத் தரம் 4 கிடைத்த ஆண்டுகள் உண்டு.

இலக்கு, நடப்பு, முன்கணிப்பு

அறிக்கையில் ஒரு பாடத்துக்கு எதிரே காணப்படும் எண்கள் பொதுவாக மூன்று வகைப்படும்.

இலக்குத் தரம்: 11 ஆம் ஆண்டின் முடிவில் மாணவர் அடைய வேண்டும் எனப் பள்ளி குறித்த தரம்.

நடப்புத் தரம்: மாணவர் இப்போது உள்ள நிலை.

முன்கணிப்புத் தரம்: மாணவர் இப்போது போலவே தொடர்ந்து படித்தால் பொதுத் தேர்வில் பெறக்கூடும் என ஆசிரியர் மதிப்பிடும் தரம்.

நடப்புத் தரம் என்னும் சொல்லையே பள்ளிகள் இரு வேறு பொருளில் ஆளுகின்றன. சில பள்ளிகளில், மாணவர் இன்றே பொதுத் தேர்வை எழுதினால் பெறக்கூடிய தரத்தை அது குறிக்கும். இம்முறையில் 8 ஆம் ஆண்டு மாணவர் ஒருவர் தரம் 2 பெறுவது இயல்பானது. பாடத்தின் பெரும்பகுதியை அவர் இன்னும் கற்கவில்லை. வேறு சில பள்ளிகளில், அவ்வெண் மாணவர் சென்றுகொண்டிருக்கும் பாதையின் முடிவைக் குறிக்கும். இம்முறையில் அதே தரம் 2 கவலைக்குரியது. எந்த முறை பின்பற்றப்படுகின்றது என்பது அறிக்கையுடன் வரும் விளக்கக் குறிப்பில் தரப்பட்டிருக்கும். அக்குறிப்பைப் படிக்காமல் எண்களுக்குப் பொருள் கொள்ள இயலாது.

இலக்குத் தரம் குறிக்கப்படும் முறை

தொடக்கப் பள்ளியின் இறுதியில், 6 ஆம் ஆண்டில், மாணவர்கள் ஆங்கில வாசிப்பிலும் கணிதத்திலும் தேசியத் தேர்வுகளை எழுதுகின்றனர். இவற்றின் முடிவுகள் 2016 முதல் 80 இலிருந்து 120 வரையான அளவில் தரப்படுகின்றன. இதில் 100 எதிர்பார்க்கப்படும் நிலை ஆகும். முன்னர் இதே முடிவைப் பெற்ற மாணவர்கள் ஜி.சி.எஸ்.இ. தேர்வில் எவ்வாறு செய்தனர் என்பதைக் கொண்டு பல பள்ளிகள் இலக்குத் தரத்தைக் கணிக்கின்றன. கோவிட்-19 பெருந்தொற்றால் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் இத்தேர்வுகள் நடைபெறவில்லை.

இவ்வாறு கணிக்கப்படும் இலக்கு ஒரு புள்ளியியல் மதிப்பீடே. அது மாணவரின் ஆற்றலுக்கு வரம்பு அன்று. பத்து அல்லது பதினொரு வயதில் எழுதிய தேர்வில் ஒருவர் குறைவாகப் பெற்றிருப்பின் அவருக்குத் தாழ்ந்த இலக்கு அமையக்கூடும். இலங்கையிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ இடையில் வந்து சேர்ந்த மாணவருக்கு 6 ஆம் ஆண்டுத் தேர்வு முடிவு இராது. பள்ளி தானே நடத்தும் நுழைவு மதிப்பீட்டைக் கொண்டு அவருக்கு இலக்கு குறிக்கப்படலாம். ஆங்கிலம் நன்கு பழகாத நிலையில் எழுதப்பட்ட அத்தகைய மதிப்பீடு, மாணவரின் உண்மையான கணித அல்லது அறிவியல் ஆற்றலைக் குறைத்துக் காட்டக்கூடும்.

ஆகவே 'இலக்கை ஒட்டியுள்ளார்' என்னும் குறிப்போ பச்சை நிறமோ, இலக்கு எட்டப்படும் என்பதை மட்டுமே தெரிவிக்கின்றது. அந்த இலக்கு மாணவருக்குப் போதுமானதா என்பதைத் தெரிவிப்பதில்லை.

தாள் நிலைகள்

கணிதம், அறிவியல், பிற நாட்டு மொழிகள் ஆகிய பாடங்களில் தேர்வுத் தாள் இரண்டு நிலைகளில் அமைகின்றது. அடிப்படைநிலைத் தாளில் பெறக்கூடிய மிக உயர்ந்த தரம் 5 ஆகும். உயர்நிலைத் தாளில் 4 முதல் 9 வரையான தரங்கள் கிடைக்கும். தரம் 4 ஐச் சிறிதளவில் தவறவிடுபவருக்கு 3 வழங்கப்படும். அதற்கும் கீழே சென்றால் தரம் எதுவும் கிடையாது. ஆங்கிலத்துக்கு இத்தகைய பிரிவு இல்லை.

மாணவர் எந்த நிலையில் பயில்கின்றார் என்பது சில அறிக்கைகளில் ஓர் எழுத்தால் மட்டும் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் அவ்வெழுத்து பின்னாளைய படிப்பைப் பெரிதும் பாதிக்கவல்லது. உயர்தர வகுப்பில் கணிதம் பயிலப் பல கல்லூரிகள் தரம் 6 அல்லது 7 ஐக் கேட்கின்றன. அடிப்படைநிலைத் தாளில் எவ்வளவு சிறப்பாக எழுதினாலும் அத்தரத்தைப் பெற முடியாது. மறுபுறம், ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தரம் 4 பெறாதவர்கள் 16 வயதுக்குப் பின்னரும் அப்பாடங்களைத் தொடர்ந்து பயில வேண்டும்.

கற்றல் மனப்பாங்கும் வருகையும்

தர எண்களுக்கு அருகே முயற்சி, வீட்டுப்பாடம், நடத்தை ஆகியவற்றுக்கும் எண்கள் தரப்படுகின்றன. சில பள்ளிகளில் இவற்றுள் 1 மிகச் சிறந்ததைக் குறிக்கும். தேர்வுத் தரத்திலோ 1 மிகத் தாழ்ந்தது. இதனால் ஒரே பக்கத்தில் ஒரே எண் எதிரெதிர்ப் பொருளில் இடம்பெறுவதும் உண்டு. பல பாடங்களில் ஒரே நேரத்தில் முயற்சி எண் சரிவது, தேர்வுத் தரம் குறைவதற்கு முன்னரே வெளிப்படும் அறிகுறியாக இருக்கலாம்.

வருகை நூற்றுவீதத்தில் தரப்படுகின்றது. தேர்வில் 90 நூற்றுவீதம் சிறந்த பேறாகத் தோன்றினாலும், வருகையில் அது நல்ல எண் அன்று. ஒரு கல்வியாண்டு 190 நாட்களைக் கொண்டது. அதில் 90 நூற்றுவீத வருகை 19 நாட்களை, அதாவது ஏறத்தாழ நான்கு பள்ளி வாரங்களை, இழந்ததைக் குறிக்கும். 10 நூற்றுவீதமோ அதற்கு மேலோ வராதிருப்பவர் தொடர்ந்து வராதவர் என வகைப்படுத்தப்படுகின்றார்.

எடுத்துக்காட்டு

9 ஆம் ஆண்டு மாணவி ஒருவரின் கணித வரியில் இலக்கு 5, நடப்பு 4, முயற்சி 1, 'இலக்கை ஒட்டியுள்ளார்' எனக் குறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்ளலாம். நடப்புத் தரம் இன்றைய நிலையைக் குறிக்குமாயின், இறுதித் தேர்வுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருக்கும்போதே அவர் இலக்கை நெருங்கிவிட்டார். முயற்சியும் மிகச் சிறந்ததாயின், இலக்கே தாழ்வாகக் குறிக்கப்பட்டிருக்கலாம். நடப்புத் தரம் பாதையின் முடிவைக் குறிக்குமாயின், அவர் இலக்குக்கு ஒரு தரம் பின்தங்கியுள்ளார்.

பெற்றோர் கேட்கத்தக்க வினாக்கள்

பெற்றோர்–ஆசிரியர் சந்திப்பு ஒரு பாடத்துக்குச் சில நிமிடங்களே நீடிப்பதால், வினாக்களை முன்னரே எழுதிச் செல்வது பயனுள்ளது.

* நடப்புத் தரம் இன்றைய நிலையைக் குறிக்கின்றதா, இறுதி நிலையைக் குறிக்கின்றதா?
* இலக்குத் தரம் எதனைக் கொண்டு குறிக்கப்பட்டது? அதனை மாற்ற முடியுமா?
* மாணவர் எந்தத் தாள் நிலைக்குத் தயாராகின்றார்? அது எப்போது முடிவாகும்?
* அடுத்த தரத்தை அடைய எந்தப் பாடப்பகுதியைக் கற்க வேண்டும்?

உள்ளூராட்சிப் பள்ளிகளில் பயிலும் மாணவரின் கல்விப் பதிவைப் பார்வையிட, பெற்றோர் எழுத்து மூலம் கேட்கலாம். 15 பள்ளி நாட்களுக்குள் பள்ளி அதனைக் காட்ட வேண்டும்.

ஐக்கிய இராச்சியத்தின் பிற பகுதிகள்

மேற்கூறியவை இங்கிலாந்துக்கு மட்டுமே பொருந்தும். வேல்சில் எழுத்துத் தரங்கள் தொடர்ந்து வழங்கப்படுகின்றன. வட அயர்லாந்திலும் எழுத்துத் தரங்கள் பயன்பாட்டில் உள்ளன. இசுக்கொட்லாந்து தனக்கெனத் தனியான தேர்வு முறையைக் கொண்டுள்ளது.