மிச்சிகன் விதிமுறையும் அதன் விளைவுகளும்: அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பேச்சுரிமையின் வரலாறு

அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகங்களில் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று முடிவு செய்யும் அதிகாரம் ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்தில் பலமுறை கைமாறியிருக்கிறது. தொடக்கத்தில் அது பணம் கொடுத்தவர்களிடம் இருந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் எட்வர்ட் ராஸ் 1900இல் பதவியிழந்தார். அவருடைய பொதுமேடைப் பேச்சுகள் நிறுவனரின் மனைவி ஜேன் ஸ்டான்ஃபோர்டுக்குப் பிடிக்காமல் போனதுதான் காரணம். நகரப் போக்குவரத்தைப் பொதுவுடைமையாக்க வேண்டும் என்று ராஸ் பேசினார். ஆசியர்களின் குடியேற்றத்தை இனவெறியோடு எதிர்த்தும் பேசினார். பின்னாளில் எழுந்த சிக்கல் முழுவதும் இந்த ஒரே நிகழ்வில் அடங்கியிருந்தது எனலாம். அதிகாரத்தை விமர்சித்த நாவும் பலவீனரைப் புண்படுத்திய நாவும் ஒருவருடையதாகவே இருந்தது. இத்தகைய பதவிநீக்கங்களின் பின்னணியில் 1915இல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம், கல்விச் சுதந்திரம் பற்றிய தன் முதல் பிரகடனத்தை அதே ஆண்டில் வெளியிட்டது.

பனிப்போர்க் காலத்தில் அந்த அதிகாரம் அரசியல்வாதிகளிடமும் ஆட்சிக்குழுக்களிடமும் சென்றது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 1949இல் தன் ஆசிரியர்களிடம் கம்யூனிச எதிர்ப்பு விசுவாசப் பிரமாணம் கேட்டது. கையெழுத்திட மறுத்த 31 ஆசிரியர்கள் 1950இல் நீக்கப்பட்டனர். மாநில உச்ச நீதிமன்றம் 1952இல் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1964 செப்டம்பரில், நுழைவாயிலருகே மேசை போட்டு அரசியல் துண்டறிக்கை கொடுப்பதற்கும் நிதி திரட்டுவதற்கும் நிர்வாகம் தடை விதித்தது. அக்டோபர் 1 அன்று, தடையை மீறி மேசை போட்ட ஜாக் வைன்பெர்க் கைது செய்யப்பட்டபோது, அவரை ஏற்றிய போலீஸ் காரை மாணவர்கள் சூழ்ந்து உட்கார்ந்துவிட்டனர். 32 மணி நேரம் கார் நகரவில்லை. அதன் கூரைமேல் ஏறி மாணவர் மாரியோ சாவியோ உட்படப் பலர் பேசினார்கள். டிசம்பரில் ஸ்ப்ரவுல் மண்டப உள்ளிருப்புப் போராட்டத்தில் ஏறத்தாழ 800 பேர் கைதாயினர். பேச்சின் உள்ளடக்கத்தைப் பல்கலைக்கழகம் கட்டுப்படுத்தக்கூடாது என்ற தீர்மானத்தை ஆசிரியர் பேரவை 824க்கு 115 என்ற வாக்குகளில் நிறைவேற்றியது. அன்று பேச்சுரிமை இடதுசாரி மாணவர்களின் கோரிக்கையாக இருந்தது. எதிர்ப்பக்கம் நின்றது நிர்வாகம்.

1980களில் இந்த அணிசேர்க்கை மாறியது. குடிமை உரிமைப் போராட்டத்தின் பலனாகக் கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த வளாகங்களுக்கு வந்துசேர்ந்திருந்தனர். ஆனால் அங்கே அவர்களுக்குக் கிடைத்த வரவேற்பு பல இடங்களில் அவமதிப்பாக இருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1987 ஜனவரியில், கறுப்பர்களை வேட்டையாடும் பருவம் தொடங்கிவிட்டதாக அறிவிக்கும் துண்டறிக்கையை முகம் தெரியாத சிலர் விநியோகித்தனர். அடுத்த மாதம் வளாக வானொலியில் இனவெறி நகைச்சுவைகள் ஒலிபரப்பாயின. இவற்றைக் கண்டித்துக் கூட்டம் நடந்தபோது, விடுதி ஜன்னல் ஒன்றில் வெள்ளை இனவெறி அமைப்பான கூ கிளக்ஸ் கிளானின் சீருடை தொங்கவிடப்பட்டது. இவை வெறும் கருத்து வேறுபாடுகள் அல்ல. படிக்க வந்த ஒரு மாணவரிடம் ‘உனக்கு இங்கே இடமில்லை’ என்று சொல்லும் மிரட்டல்கள். நிர்வாகம் கைகட்டி நிற்க முடியாத நிலை உருவானதில் வியப்பில்லை.

1988 ஏப்ரலில் ஆட்சிக்குழு ஏற்ற புதிய விதிமுறை மே 31 முதல் நடைமுறைக்கு வந்தது. இனம், பால், மதம், பாலியல் நாட்டம் முதலியவற்றின் அடிப்படையில் ஒருவரை இழிவுபடுத்தும் அல்லது பாதிப்புக்கு உள்ளாக்கும் பேச்சும் நடத்தையும், அவருடைய கல்விக்கு இடையூறாக அமைந்தால் தண்டனைக்குரியவை ஆயின. மாணவர்களுக்கு வழங்கிய விளக்கக் கையேடு இன்னும் ஒரு படி மேலே போனது. இந்தத் துறையில் பெண்கள் ஆண்களுக்கு ஈடாக மாட்டார்கள் என்று வகுப்பில் ஒரு மாணவர் சொல்வதையே அது குற்றத்துக்கு எடுத்துக்காட்டாகத் தந்தது. உயிர்சார் உளவியல் ஆய்வு மாணவர் ஒருவர், பால், இன வேறுபாடுகளின் உயிரியல் அடிப்படை பற்றிய கோட்பாடுகளை வகுப்பில் விவாதித்தாலே தன்மீது நடவடிக்கை வரலாம் என்று அஞ்சி, பெயர் மறைத்து வழக்குத் தொடுத்தார். கூட்டாட்சி மாவட்ட நீதிபதி ஏவர்ன் கோன் 1989இல் தீர்ப்பளித்தார்.

விதிமுறை உண்மையில் யார்மீது பாய்ந்தது என்பதை அந்தத் தீர்ப்பின் பதிவுகள் காட்டுகின்றன. பல் மருத்துவ வகுப்பு ஒன்றின் அறிமுகக் கூட்டத்தில், சிறுபான்மை மாணவர்களுக்கு இந்தப் பாடம் கடினமாக இருப்பதாகவும் அவர்கள் நியாயமாக நடத்தப்படுவதில்லை என்றும் கேள்விப்பட்டதாக ஒரு மாணவர் சொன்னார். பாடம் நடத்திய சிறுபான்மைப் பேராசிரியர், இது தன் நிரந்தரப் பணி வாய்ப்பைக் கெடுக்கும் என்று புகார் செய்தார். மாணவருக்கு அறிவுரை கூறப்பட்டது. அவர் மன்னிப்புக் கடிதம் எழுதினார். ஓரினச்சேர்க்கை ஒரு நோய் என்று கருதிய சமூகப்பணி மாணவர் ஒருவர் முறையான விசாரணைக்கே உட்படுத்தப்பட்டார். விதிமுறையைத் தூண்டியது முகம் மறைத்தவர்களின் துண்டறிக்கை. விசாரணைக்கு வந்ததோ பெயர் சொல்லி வகுப்பில் பேசியவர்களின் சொற்கள். வெறுமனே புண்படுத்தும் பேச்சையும் இழிவுபடுத்தும் பேச்சையும் எப்படிப் பிரித்தறிவது என்று நீதிபதி கேட்டதற்கு, பல்கலைக்கழக வழக்கறிஞர் ‘மிகக் கவனமாக’ என்று மட்டுமே விடையளித்தார். விதிமுறை தெளிவற்றது, வரம்பு மீறி விரிந்தது என்ற காரணங்களால் பேச்சைத் தண்டிக்கும் அதன் பகுதி செல்லாததாகியது.

இதே ஆண்டுகளில் சட்ட அறிஞர்கள் மாரி மட்சுடா, சார்லஸ் லாரன்ஸ், ரிச்சர்ட் டெல்காடோ ஆகியோர் விதிமுறைகளுக்கு வலுவான வாதம் ஒன்றை முன்வைத்தனர். வெறுப்புப் பேச்சின் செலவை அதைக் கேட்பவர் மட்டுமே சுமக்கிறார், அவர் வாயடைத்துப் போவதும் பேச்சுரிமை இழப்புதான் என்பது அதன் சாரம். இந்த வாதத்துக்கு இன்றுவரை முழுமையான மறுப்பு வந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. அமெரிக்கக் குடிமைச் சுதந்திரச் சங்கத்தின் நடீன் ஸ்ட்ராசன், இலக்கிய அறிஞர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் போன்றோர் வலியை மறுக்கவில்லை. தண்டிக்கும் அதிகாரம் யார் கையில் போய்ச்சேரும் என்றே கேட்டனர்.

ஆனால் பொதுவெளியில் எடுபட்டது இந்த நுட்பமான விவாதம் அன்று. இடதுசாரிகள் தங்களுக்குள்ளேயே கேலியாகப் பயன்படுத்திவந்த ‘அரசியல் சரித்தன்மை’ என்ற தொடர், 1990இன் இறுதியில் நியூயார்க் டைம்ஸ், நியூஸ்வீக் கட்டுரைகள் வழியாகப் பரவியது. அதைத் தாக்கிய தினேஷ் டிசூசாவின் நூல் 1991இல் வெளிவந்தது. அதே ஆண்டு மே மாதம் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் மிச்சிகன் பட்டமளிப்பு விழாவிலேயே அரசியல் சரித்தன்மையைச் சாடிப் பேசினார். அதன் பிறகு இன அவமதிப்பு பற்றிய எந்தக் குறையையும் ஒரே சொல்லால் தள்ளிவிட முடிந்தது.

நீதிமன்றங்களில் விதிமுறைகள் தொடர்ந்து வீழ்ந்தன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மாணவர் விதிமுறை 1991இல் ரத்தானது. அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும். ஆகவே தனியார் பல்கலைக்கழகங்கள் தப்பியிருக்க வேண்டும். ஆனால் கலிஃபோர்னியா 1992இல் இயற்றிய லெனர்டு சட்டம் அந்தப் பாதுகாப்பைத் தனியார் கல்லூரி மாணவர்களுக்கும் நீட்டித்தது. அதன்கீழ் ஸ்டான்ஃபோர்டின் விதிமுறை 1995இல் செல்லாததாகியது. அரசமைப்புச் சட்ட அறிஞரான அதன் தலைவர் கெர்ஹார்ட் காஸ்பர் மேல்முறையீடு செய்யவில்லை. 1999இல் விஸ்கான்சின்-மேடிசன் ஆசிரியர்கள் தங்கள் வகுப்பறைகளுக்கென இருந்த தனி விதிமுறையைத் தாங்களே வாக்களித்துக் கைவிட்டனர்.

சிகாகோ பல்கலைக்கழகம் 2015இல் வெளியிட்ட பேச்சுரிமை அறிக்கையைப் பல நிறுவனங்கள் பின்பற்றின. இதற்குள் கட்டுப்படுத்தும் கை மறுபடியும் மாறியது. இனம், பால் பற்றிய சில கருத்துகளைக் கற்பிக்கத் தடை விதித்துப் புளோரிடா மாநிலம் 2022இல் சட்டமியற்றியது. உயர்கல்விக்கான அதன் விதிகளை நவம்பரில் நீதிபதி மார்க் வாக்கர் நிறுத்திவைத்தார். காசா போரையொட்டி 2023 டிசம்பரில் நடந்த நாடாளுமன்றக் குழு விசாரணைக்குப் பின் பென்சில்வேனியா, ஹார்வர்டு தலைவர்கள் பதவி விலகினர். பேச்சுரிமைப் பாதுகாவலர்களாகத் தங்களைச் சொல்லிக்கொண்ட அரசியல்வாதிகளில் சிலரே இம்முறை பேச்சைத் தண்டிக்கவில்லை என்று பல்கலைக்கழகங்களைக் குற்றம்சாட்டினர். 2024 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழக வளாகத்தில் கூடாரம் அமைத்துப் போராடிய நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். தன் அடிப்படைப் பணிக்குத் தொடர்பில்லாத பொதுப் பிரச்சினைகளில் இனி அதிகாரப்பூர்வ அறிக்கை வெளியிடுவதில்லை என்று மே மாதம் ஹார்வர்டு அறிவித்தது. அந்தக் கோடையில் பல வளாகங்கள் கூடாரம் அமைப்பது, ஒலிபெருக்கி வைப்பது, கூடும் இடமும் நேரமும் பற்றிய விதிகளை இறுக்கின. பேச்சின் உள்ளடக்கத்தைத் தொடும் விதிகளை நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை. இடம், காலம், முறை பற்றிய விதிகள், எல்லோருக்கும் ஒன்றாக அமலாகும்வரை, பொதுவாகச் செல்லும்.