38 பேர் என்ற கணக்கு

ஆபத்தில் யார் உதவ முன்வருவார் என்று பார்த்த சமூக உளவியல் சோதனையை வகுப்பில் விளக்கும் மாணவர்கள் பலர் ஒரு கொலையிலிருந்தே தொடங்குகிறார்கள். 1964 மார்ச் 13 அன்று நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் கிட்டி ஜெனோவீஸ் கொல்லப்பட்டார். 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. வழக்கு ஆவணங்களைப் புரட்டிய மேனிங், லெவின், காலின்ஸ் ஆகிய ஆய்வாளர்கள் மூவரும் அதற்கு ஆதாரமில்லை என்று 2007இல் காட்டினார்கள்.

கதை போனால் சோதனையும் போயிற்றா என்றால், இல்லை. ஜான் டார்லியும் பிப் லடானேயும் 1968இல் வெளியிட்ட ஆய்வு தன் காலிலேயே நிற்கிறது. தனி அறையில் இருந்த மாணவருக்கு, ஒருவர் வலிப்பில் திணறும் குரல் ஹெட்ஃபோனில் கேட்டது. அது முன்பே பதிவு செய்த குரல். தான் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 சதவீதத்தினர் வலிப்பு முடியுமுன்னே உதவி தேடி ஓடினார்கள். இன்னும் நால்வர் கேட்பதாக நம்பியவர்களில் 31 சதவீதத்தினரே. அசையாதவர்கள் கல்நெஞ்சக்காரர்களும் அல்லர்; பலருக்குக் கை நடுங்கியது, உள்ளங்கை வியர்த்தது. கொலைக் கதை இருந்தால்தானே வகுப்பு காது கொடுக்கும் என்பார்கள். கொடுக்கும், ஆனால் நகரத்து மனிதர் ஈரமற்றவர் என்ற முடிவோடு எழுந்துபோகும். ஆய்வு மறுத்ததே அந்த முடிவைத்தான். ஆகவே ஹெட்ஃபோன் குரலில் தொடங்குங்கள். கொலையைப் பிறகு, ஒரு நாளிதழின் பிழையாகச் சொல்லுங்கள்.