களிற்றுயிர்த் தூம்பு

சங்கப் பாடல்களில் வரும் இசைக்கருவிப் பெயர்களில் களிற்றுயிர்த் தூம்புக்கு ஈடாக இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை. களிறு, ஆண் யானை. உயிர் இங்கே மூச்சு; நெட்டுயிர்ப்பு என்கிறோமே, அந்தப் பொருள். தூம்பு, உள்ளே துளையுள்ள குழாய். மூங்கிலுக்கும் அந்தப் பெயர் உண்டு, ஏரி நீரை வயலுக்கு விடும் மதகுக்கும் உண்டு.

பெயர் வைத்தவர் யானையின் பிளிறலை எடுக்காமல் மூச்சை எடுத்திருக்கிறார். பிளிறல் உச்சக் குரல். கோயில் யானையின் அருகே நின்றவர்களுக்கு அதன் மூச்சு தெரியும்: கனத்து, நீண்டு, அடியிலிருந்து வரும். இந்தக் கருவியைப் பழைய உரைகாரர் நெடுவங்கியம் என்கிறார். குழாய் நீள நீளச் சுருதி இறங்கும். ஆகவே இது கூட்டத்தின் கீழ்க்குரல் என்றே நான் கொள்கிறேன்.

பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் இதற்குச் சான்று தருகிறது. நன்னன் என்ற அரசனைக் காணப் போகும் கூத்தர்களின் வாத்தியங்களைப் பெருங்கௌசிகனார் தொடக்கத்திலேயே அடுக்குகிறார்: முழவு, ஆகுளி, பாண்டில், கோடு, பிறகு களிற்றுயிர்த் தூம்பு. அடுத்த அடியிலேயே இன்னொரு தூம்பு வருகிறது. அது குறுகியது, இளி சுரத்தை ஒலிப்பது. இளி நம் பஞ்சமம். அதையடுத்துக் குழல். நெடியதற்கு ஒரு வேலை, குறியதற்கு ஒரு வேலை என்று பிரித்து வைத்த வாத்தியக் குழு இது. எல்லாவற்றையும் பையில் கட்டி, பலாக்காய்க் கொத்துப்போலச் சுமந்து மலையேறினார்கள்.

1889இல் உ.வே.சா. பத்துப்பாட்டை அச்சேற்றியிராவிட்டால் இதெல்லாம் ஏட்டோடு நின்றிருக்கும். அவர் தேடிச் சேர்த்த சுவடிகள் சென்னை பெசன்ட் நகரில், அவர் பெயரிலுள்ள நூலகத்தில் இருக்கின்றன.

புறநானூறு 152இல் வன்பரணர் இதே கருவியைக் கொண்டுவருகிறார். வள்ளல் ஓரி விட்ட ஒரே அம்பு முதலில் யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி, உடும்பு வரை போகிறது. அவனைப் பாட விறலியரை அழைக்கும் பாணன் முழவை அமைக்கச் சொல்கிறான், யாழில் பண் நிறுத்தச் சொல்கிறான், அடுத்து இந்தத் தூம்பு. இரண்டு பாட்டிலும் இதற்குக் 'கண்' உண்டு. மூங்கிலின் கணு என்றே எனக்குப் படுகிறது.

தூம்பு என்றதும் டியூபா நினைவுக்கு வரும். ஒலி ஒத்திருப்பதை வைத்து உறவு கொண்டாடக் கூடாது. லத்தீனில் டியூபா ரோமானியப் படையின் நேரான எக்காளம். மொசார்ட்டின் ரெக்வியத்தில் டியூபாவின் பெயரால் தொடங்கும் பகுதியை வாசிப்பது டிராம்போன். 1835இல் பெர்லினில் வீப்ரெக்டும் மோரிட்சும் காப்புரிமை பெற்ற கீழ்ச்சுருதிப் பித்தளைக் கருவிக்கு அந்தப் பழம்பெயர் போய்ச் சேர்ந்தது. அதன் ஒலியைப் பற்றி அந்தப் பெயர் ஒன்றும் சொல்வதில்லை. அந்தக் கருவிக்குத் தமிழில் பெயர் தேடுகிறவர்கள் புதிதாக எதையும் ஆக்க வேண்டாம். உயிர்த்தூம்பு என்று சொன்னால் போதும்.